நீலகிரி மலைப்பாதைக்கு, குறைந்த செலவில் காரில் ஜிபிஎஸ் அமைப்பது எப்படி

சமவெளியில் மேப் தவறாக வழி காட்டினால் அடுத்த யூ-டர்னில் திரும்பி வந்துவிடலாம். நீலகிரியில் அப்படி முடியாது. ஒரு எஸ்டேட் சாலைக்குள் தவறி இறங்கிவிட்டால், வண்டியைத் திருப்ப இடம் கிடைப்பதற்குள் இரண்டு கிலோமீட்டர் ஓடியிருக்கும். ஒரு பக்கம் மண்சுவர், மறு பக்கம் தேயிலைச் சரிவு, எதிரே ஒரு பிக்கப் வேன் வந்தால் யாராவது ஒருவர் ரிவர்ஸில்தான் போக வேண்டும். அதனால் இங்கே ஜிபிஎஸ் வாங்குகிறவர் திரை எவ்வளவு பெரியது என்பதைக் கடைசியாகப் பார்த்தால் போதும். சிக்னல் இல்லாத இடத்தில் மேப் ஓடுமா, வளைவில் போன் ஆடாமல் நிற்குமா, சார்ஜ் தாங்குமா, எந்தப் பாதை என்பதை நீங்கள் முடிவு செய்கிறீர்களா அல்லது ஆப் முடிவு செய்கிறதா என்பவைதான் முதலில் பார்க்க வேண்டியவை. இவை எல்லாம் சுமார் 2,000 ரூபாயில் அடங்கும்.

கடைக்குப் போய் "காருக்கு ஜிபிஎஸ் வேண்டும்" என்று மட்டும் கேட்டால் பல இடங்களில் டிராக்கரைத்தான் எடுத்து வைப்பார்கள். வண்டி எங்கே இருக்கிறது என்று முதலாளிக்குத் தெரிவிக்கும் கருவி அது. டாக்சிகளில் ஏஐஎஸ்-140 என்ற பெயரில் பொருத்துவதும் இந்த வகைதான். ஓட்டுநருக்கு அது வழி சொல்லாது. "மேப் பார்க்க, நேவிகேஷனுக்கு" என்று தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள்.

எதை வாங்குவது, எதை விடுவது

பெரும்பாலானவர்களுக்குக் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனே போதும். நல்ல ஹோல்டர் சுமார் 400 முதல் 900 ரூபாய், சார்ஜர் சுமார் 400 முதல் 800, கேபிள் 200 முதல் 400. இதற்கு மேல் செலவு செய்ய மலைப்பாதை ஒரு காரணமே இல்லை.

காரிலேயே ஆண்ட்ராய்டு ஆட்டோ (போனின் மேப்பைக் காரின் திரையில் காட்டும் வசதி) உள்ள திரை இருந்தால் ஹோல்டர்கூட வேண்டாம், டேட்டா போகும் நல்ல கேபிள் ஒன்று போதும். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவு கேபிளைச் செருகினால் திரையில் எதுவுமே வராது. பலர் செட் பழுது என்று நினைப்பது இதைத்தான். பல கார்களில் திரையில் தெரியும் இடம் போனின் ஜிபிஎஸ்ஸில் இருந்தே வருகிறது. போனைக் கியர் பக்கத்துப் பள்ளத்திலோ டேஷ்போர்டு பெட்டிக்குள்ளோ போட்டுவிட்டு "வளைவில் மேப் தடுமாறுகிறது" என்று சொன்னால் குற்றம் திரையின்மேல் இல்லை. போன் வானத்தைப் பார்க்கிற மாதிரி கண்ணாடிக்குக் கீழே இருக்கட்டும்.

பழைய போன் ஒன்று சும்மா கிடந்தால் அதை நேவிகேஷனுக்கென்றே ஒதுக்கலாம். சிம் தேவையில்லை, மேப்பை வீட்டு வைஃபையில் இறக்கிக்கொண்டால் போதும். 3 அல்லது 4 ஜிபி ரேம், மேப்புக்காக 3 ஜிபி காலி இடம் இருக்கட்டும். வாங்கும்போதோ எடுத்து வைக்கும்போதோ போனின் முதுகைத் தடவிப் பாருங்கள். பேட்டரி லேசாக உப்பியிருந்தாலும் வேண்டாம். மேட்டுப்பாளையம் வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் டேஷ்போர்டின் மேல் வைக்கவே கூடாத பொருள் அது.

தனி ஜிபிஎஸ் கருவிகள், அதாவது கண்ணாடியில் ஒட்டும் அந்தக் கால 5 அங்குலப் பெட்டிகள், செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கின்றன. வாங்க வேண்டாம். மேப் பழசாகியிருக்கும், புதுப்பிக்கக் காசு கேட்கும், சில மாடல்களுக்குப் புதுப்பிப்பே நின்றுபோயிருக்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் வாரத்தை 1,024 வரை எண்ணிவிட்டு மீண்டும் பூஜ்யத்தில் இருந்து தொடங்கும். 2019 ஏப்ரல் 6 இரவு அப்படி ஒரு திருப்பம் நடந்தது. மென்பொருள் புதுப்பிக்காத பழைய கருவிகளில் பல, அதன்பின் கிட்டத்தட்ட இருபது வருடம் பின்தள்ளித் தேதி காட்டும், சிலவற்றில் இடம் பிடிப்பதே தாமதமாகும்.

சந்தையில் இப்போது அதிகம் விற்பது 9 அங்குல ஆண்ட்ராய்டு செட், அதாவது டேஷ்போர்டில் பொருத்தும் தொடுதிரை. ரிவர்ஸ் கேமரா, பாட்டு எல்லாம் சேர்த்து வேண்டுமென்றால் வாங்குங்கள், நேவிகேஷனுக்காக மட்டும் வேண்டாம். வாங்கினால் 2 ஜிபி ரேம் மாடலைத் தவிருங்கள்; மேப்பும் பாட்டும் சேர்ந்து ஓடும்போது திணறும். பொருத்தும்போது பக்கத்தில் நின்று இரண்டு விஷயங்களைப் பாருங்கள்.

முதலில் வயர். மஞ்சள் நிலையான 12 வோல்ட், சிவப்பு சாவி போட்டால் மட்டும் வரும் மின்சாரம், கறுப்பு எர்த். சில இடங்களில் வேலை சீக்கிரம் முடிய மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்து முறுக்கிவிடுவார்கள். இரண்டையும் சாவி லைனில் சேர்த்தால் ஒவ்வொரு முறை வண்டியை அணைக்கும்போதும் செட் எல்லாவற்றையும் மறந்து, ஜிபிஎஸ்ஸும் முதலில் இருந்து தேட ஆரம்பிக்கும். இரண்டையும் நிலையான லைனில் சேர்த்தால் செட் அணையாமல் கிடந்து, நாலு நாள் நிறுத்திய வண்டியில் பேட்டரி இறங்கிவிடும். உங்கள் கார் மாடலுக்கான கப்ளர் கேட்டு வாங்கினால் கம்பெனி வயரை வெட்டவே தேவையில்லை.

இரண்டாவது, ஆன்டெனா. தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, அடியில் காந்தம், சுமார் 3 மீட்டர் மெல்லிய கேபிள், நுனியில் மஞ்சள் நிறத் திருகு. அவசரத்தில் இதை அப்படியே செட்டுக்குப் பின்னால் இரும்புப் பட்டையில் ஒட்டிவிட்டுப் போவது வழக்கம். அங்கே அது வானத்தைப் பார்க்காது. டேஷ்போர்டின் மேல், முன்கண்ணாடிக்குக் கீழே, காந்தப் பக்கம் அடியில் இருக்கும்படி வைத்து இருபக்க டேப்பால் ஒட்டச் சொல்லுங்கள். மீதிக் கேபிளைச் சுருட்டி டேஷ்கேம் வயரோடு சேர்த்துக் கட்ட வேண்டாம். மலிவு டேஷ்கேம்களும் சார்ஜர்களும் கிளப்பும் மின் இரைச்சல் ஜிபிஎஸ் சிக்னலை அமுக்கிவிடும். சந்தேகம் இருந்தால் டேஷ்கேமைப் பிடுங்கிவிட்டு ஐந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். முன்கண்ணாடியில் உலோகப் பூச்சுள்ள ஃபிலிம் இருந்தாலும் இதே தொல்லைதான்.

ஹோல்டர்: எந்த வகை, எங்கே

கண்ணாடியில் ரப்பர் கப் வைத்து ஒட்டும் வகை, ஏசி வென்ட்டில் மாட்டும் வகை, டேஷ்போர்டில் ஒட்டும் வகை என்று மூன்று. ஊட்டியின் காலைக் குளிரில் ரப்பர் விறைத்து, கண்ணாடியில் ஈரம் படிந்து, முதல் வகை பொசுக்கென்று கழன்று விழும். வளைவில் அது காலடியில் உருண்டால் ஆபத்து. வென்ட் வகை பிடிப்பு நன்றாக இருக்கும், ஆனால் பனிமூட்டத்தில் கண்ணாடி தெளிய ஹீட்டர் போட்டால் சூடான காற்று நேராகப் போனின் முதுகில் அடிக்கும். அந்த ஒரு வென்ட்டை மட்டும் மூடிவிடுங்கள். மலைக்கு எங்கள் தேர்வு டேஷ்போர்டில் டேப் ஒட்டும், கை குட்டையான ஹோல்டர். நீளக் கை உள்ளது சமவெளியில் வசதி. இங்கே ஒவ்வொரு குழிக்கும் போன் ஆடும், எழுத்தே படிக்க முடியாது. ஒட்டும் இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, காய்ந்தபின் ஒட்டி, ஒரு நாள் இரவு முழுக்கப் போன் மாட்டாமல் விடுங்கள். டேஷ்போர்டு பாலிஷ் அடித்த இடத்தில் எந்த டேப்பும் நிற்காது.

காந்த ஹோல்டர் போனின் திசைகாட்டியைக் குழப்பும். வண்டி ஓடும்போது திசையை ஜிபிஎஸ் நகர்விலேயே கணக்கிட்டுவிடும், நின்றிருக்கும்போதுதான் அம்புக்குறி கண்டபடி சுற்றும். பிரிவுச் சாலையில் நின்று "இடமா வலமா" என்று பார்க்கிறவருக்கு அது வினை.

வைக்கும் இடத்தில் பலர் தவறு செய்கிறார்கள். ஓட்டுநரின் வலப்பக்க மூலையில், கண்ணாடித் தூணை ஒட்டி வைத்தால் சாலையைப் பார்த்தபடியே மேப்பையும் பார்க்கலாம் என்று தோன்றும். வலப்பக்கம் திரும்பும் கொண்டை ஊசி வளைவில் எதிரே இறங்கி வரும் பஸ்ஸை நீங்கள் பார்ப்பது அந்த மூலை வழியாகத்தான். தூண் ஏற்கெனவே பாதியை மறைக்கிறது, போன் மீதியையும் மறைத்துவிடும். ஸ்டீயரிங்குக்கு இடது பக்கம், நடு வென்ட்டுகளின் உயரத்தில், கண்ணாடியின் கீழ் விளிம்பைத் தாண்டாமல் வையுங்கள். ஏர்பேக் மூடியின்மேல் எதையும் ஒட்ட வேண்டாம். சட்டமும் இதற்கு இடம் தருகிறது: 2020 அக்டோபர் 1 முதல் அமலான மோட்டார் வாகன விதித் திருத்தத்தின்படி, கவனம் சிதறாத வகையில் வழி பார்க்க மட்டும் போனைப் பயன்படுத்தலாம். கையில் பிடித்து வைத்துக்கொண்டு பேசுவது அந்த விலக்கில் வராது.

சார்ஜர்

65 வாட் என்று பெட்டியில் அச்சிட்டதைப் பார்த்து மயங்க வேண்டாம். திரை முழு வெளிச்சத்தில், ஜிபிஎஸ் ஓடிக்கொண்டிருக்க, ஒரு போனுக்கு 5 வோல்ட் 2 ஆம்பியர் நிஜமாக வந்தால் போதும். இரண்டு போர்ட் உள்ள சில சார்ஜர்களில் மொத்தமே 2.1 ஆம்பியர்தான், பின்சீட்டில் இன்னொரு போன் ஏறினால் உங்களுடையது இறங்க ஆரம்பிக்கும். ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனித்தனியாக எவ்வளவு என்று சார்ஜரின் உடம்பில் பொடி எழுத்தில் போட்டிருக்கும், அதைப் படியுங்கள். செருகிப் பார்த்தால் லைட்டர் சாக்கெட்டில் இறுக்கமாக உட்கார வேண்டும். மலைச்சாலை அதிர்வில் லூசான சார்ஜர் விட்டுவிட்டு வேலை செய்யும், போன் "சார்ஜ் ஆகிறது" என்று காட்டிக்கொண்டே 20 சதவீதத்துக்கு வந்து நிற்கும். கேபிள் ஒரு மீட்டருக்குள், தடிமனாக.

மேப்பை இறக்கி வைப்பது

ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது: டவர் இல்லையென்றால் ஜிபிஎஸ் வேலை செய்யாது என்பது. போன் செயற்கைக்கோள்களிடம் கேட்டுக்கொள்ள மட்டும்தான் செய்கிறது, அதற்கு டவரும் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம். டவர் இல்லாதபோது வராமல் போவது மேப்பின் படம். நீலப் புள்ளி வெள்ளைத் திரையில் தனியாக நகர்வதைப் பார்த்திருப்பீர்கள். படத்தை முன்பே இறக்கி வைத்தால் பிரச்சினை தீர்ந்தது.

கூகுள் மேப்ஸில் மேலே உங்கள் படத்தைத் தொட்டு, ஆஃப்லைன் மேப்ஸுக்குள் போய், பகுதியை நீங்களே தேர்ந்தெடுக்கும் வரியைத் தொடுங்கள். நீலச் சட்டத்துக்குள் வடக்கே குண்டல்பேட்டை, தெற்கே கோவை, மேற்கே பந்தலூர், கிழக்கே சத்தியமங்கலம் அடங்கட்டும். ஊட்டியை மட்டும் இறக்கினால் மலையடிவாரத்தில் வழி கணக்கிட முடியாமல் நிற்கும். இறக்கிய மேப்புக்குக் காலாவதித் தேதி உண்டு, கிளம்பும் முன் அதைப் பார்த்துப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவதாக ஆர்கானிக் மேப்ஸையும் போட்டு வைப்பது நல்லது. இலவசம், விளம்பரம் இல்லை, முழுக்க ஆஃப்லைன். தமிழ்நாட்டோடு கேரளா, கர்நாடகாவையும் இறக்குங்கள்; கூடலூர் பக்கம் எல்லை அவ்வளவு நெருக்கம். வழி அமைப்பில் மண்சாலையைத் தவிர்க்கும் தேர்வை ஆன் செய்துவிடுங்கள். ஓரளவுக்கு எஸ்டேட் குறுக்குப் பாதைகளில் இருந்து அது காப்பாற்றும்.

குரல் தமிழில் வேண்டுமென்றால், போனின் டெக்ஸ்ட்-டு-ஸ்பீச் அமைப்பில் தமிழ்க் குரலைத் தனியாக இறக்க வேண்டும். இல்லாவிட்டால் டவர் போன இடத்தில் வழிகாட்டும் குரலும் அடங்கிவிடும். பேட்டரி சேமிப்பில் மேப் ஆப்பைக் கட்டுப்பாடில்லாமல் ஓட விடுங்கள், சில போன்கள் பின்னணியில் அதை மூடிவிடுகின்றன.

இனி வீட்டிலேயே சோதனை. ஃப்ளைட் மோடை ஆன் செய்து, லொகேஷனை ஆன் ஆகவே வைத்து, திறந்த இடத்தில் நின்று மேட்டுப்பாளையத்தில் இருந்து கோத்தகிரிக்கு வழி கேளுங்கள். வழி வந்து, கொஞ்சம் நடந்தால் புள்ளியும் நகர்ந்தால், மலைக்குத் தயார். ஜிபிஎஸ்டெஸ்ட் என்ற இலவச ஆப்பில் செயற்கைக்கோள் வாரியாகச் சிக்னல் பலம் தெரியும். அந்த எண் 35-க்கு மேல் உள்ள செயற்கைக்கோள்கள் நாலைந்து இருந்தால் நன்று. பெரும்பாலானவை 25-க்குக் கீழ் கிடந்தால் போன் கவரையோ, வைத்த இடத்தையோ, பக்கத்து டேஷ்கேமையோ சந்தேகப்படுங்கள்.

கிளம்பும் அன்று, டேட்டா நன்றாகக் கிடைக்கும் இடத்திலேயே மேப்பைத் திறந்து இரண்டு நிமிடம் ஓட விடுங்கள். செயற்கைக்கோள்களின் இருப்பிடத் தகவலைப் போன் நெட் வழியே நொடியில் எடுத்துக்கொள்ளும். காட்டுக்குள் போய் முதன்முதலாகத் திறந்தால் அதை வானத்தில் இருந்தே கேட்டு எழுத வேண்டும். தெளிந்த வானத்தில் அரை நிமிடம், மரங்களும் மலைச்சுவரும் மறைக்கும் பள்ளத்தாக்கில் பல நிமிடம்.

மலையில் மேப் ஏமாற்றும் இடங்கள்

கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் மேல்சாலையும் கீழ்சாலையும் மேப்பில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். திறந்த வெளியிலேயே போனுக்கு 5 மீட்டர் பிசகு சகஜம், மரநிழலில் அது இன்னும் கூடும். அதனால் அம்புக்குறி திடீரென்று மேல்சாலைக்குத் தாவி, ஆப் வழியை மறுபடி கணக்கிட்டு, "திரும்பிச் செல்லவும்" என்று சொல்லும். கண்டுகொள்ளாமல் ஓட்டுங்கள், அடுத்த நேர்சாலையில் சரியாகிவிடும். போன் இடத்தைப் புதுப்பிப்பது பொதுவாக நொடிக்கு ஒருமுறை; 30 கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் வண்டி 8 மீட்டர் போயிருக்கும். ஆகவே குரல் "இப்போது திரும்பவும்" என்று சொல்லும்வரை காத்திருக்காமல், பிரிவு வரப்போகிறது என்பதை முன்பே மேப்பில் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆப்பில் தேர்ந்தெடுத்த வாகனப் படம் காருடையதுதானா என்று பாருங்கள். முந்தின நாள் பைக்கில் போனபோது மாற்றிய தேர்வு அப்படியே இருந்தால், கார் நுழைய முடியாத சந்துகளில் அது வழி காட்டும். எரிபொருள் சேமிக்கும் வழிக்கு முன்னுரிமை தரும் தேர்வையும் அணைத்துவிடுங்கள். 2024 ஜனவரியில் கூடலூரில், மேப்பை நம்பி வந்த கார் ஒன்று படிக்கட்டில் இறங்கி நின்றது.

பெயர்களில் கவனம். ஊட்டிக்கும் குன்னூருக்கும் இடையில் கேத்தி, மஞ்சூரைத் தாண்டிக் கீழே கெத்தை. ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்று வந்து நிற்கும். கோத்தகிரி வேறு, கீழ் கோத்தகிரி வேறு. ஹட்டி என்று முடியும் ஊர்கள் எத்தனையோ. காட்டேஜுக்கோ உறவினர் வீட்டுக்கோ போகிறீர்கள் என்றால் அவர்களிடம் வாட்ஸாப்பில் லொகேஷன் வாங்கி, மேப்பில் சேமித்து, அதற்கு நீங்களே பெயர் வைத்துக்கொள்ளுங்கள். சேமித்த இடம் டவர் இல்லாவிட்டாலும் கிடைக்கும்.

ஆப் உணராத தடைகள் இன்னும் முக்கியம். ஊட்டியில் இருந்து மசினகுடிக்குக் கேட்டால் 36 கொண்டை ஊசி வளைவுள்ள கல்லட்டிப் பாதை குறுக்கு வழியாகத் தெரியும். வெளியூர் வண்டிகள் அதில் இறங்க அனுமதி இல்லை, கூடலூர், தெப்பக்காடு வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும், தூரம் இரண்டு மடங்குக்கும் மேல். பந்திப்பூர் வழியாக மைசூர் போகும் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடல். மேப் காட்டும் நேரத்தை நம்பி ஊட்டியில் ஏழரைக்குக் கிளம்பினால் செக்போஸ்ட்டில்தான் இரவு கழியும். சீசனில் மேட்டுப்பாளையத்தில் இருந்து ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி என்று போலீஸ் ஒருவழிப்பாதை ஆக்குவது உண்டு. ஆப் எதிர்த்திசையைக் காட்டினாலும் போலீஸ் சொல்வதே பாதை.

இதற்கு எளிய வழி: ஊட்டி என்று நேராகப் போடாமல், முதலில் குன்னூரை மட்டும் இலக்காக வைத்து ஓட்டுங்கள், அங்கே போய் ஊட்டியைப் போடுங்கள். பாதை உங்கள் கையில் இருக்கும், ஆஃப்லைனிலும் இது தவறாமல் வேலை செய்யும். ஆப் காட்டும் நேரத்தோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். லாரிக்குப் பின்னால் இரண்டாம் கியரில் ஊர்வதும், ஏறி வரும் வண்டிக்கு ஒதுங்கி வழி விடுவதும் அந்தக் கணக்கில் இல்லை.

2024 மே 7 முதல் வெளிமாவட்ட வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். கல்லாறு, குஞ்சப்பனை செக்போஸ்ட் வரிசையில் நின்றுகொண்டு நெட் தேடாமல், அதன் க்யூஆர் படத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து இன்னொருவர் போனில் வைத்திருங்கள். உங்கள் போன் ஹோல்டரில் வழி காட்டிக்கொண்டிருக்கட்டும்.